பார்டர் கோலியா, அல்சேஷனா, கோர்கியா, ஷெல்டியா? கோலாலம்பூர், பினாங்கு வீடுகளுக்கு ஒத்துவரும் மேய்ப்பு நாய் எது

"பார்டர் கோலி வாங்கலாமா, அல்சேஷனே போதுமா?" தாமானில் எங்கள் நாயோடு நடக்கும்போது யாராவது நிறுத்தி இதைக் கேட்பார்கள். கொண்டோவில் இருப்பவர்கள் கூடவே கோர்கியையும் ஷெல்டியையும் விசாரிப்பார்கள். அல்சேஷன் என்பது ஜெர்மன் ஷெப்பர்ட், ஷெல்டி என்பது ஷெட்லண்ட் ஷீப்டாக். நாலுமே ஆடு மாடு மேய்க்க உருவான இனங்கள், நாலுமே கெட்டிக்கார நாய்கள். அதனால் எது அதிக புத்திசாலி என்று தேடிப் பார்த்து முடிவெடுப்பதில் பயனில்லை. நம் ஊரில் பார்க்க வேண்டியது வெயிலை. அந்த வெயில் நாய்க்கென்று விட்டுவைப்பது காலையில் கொஞ்ச நேரம், இரவில் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் யார் சும்மா இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது பார்டர் கோலி. அந்த இனத்தின் மேல் எனக்குள்ள பிரியம் இந்தக் கட்டுரையில் தெரியத்தான் செய்யும். ஆனாலும் என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

நேரம். கோலாலம்பூரில் பொழுது விடிய ஏழு மணி ஆகிறது. ஒன்பது மணிக்குள் தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும். புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. மாலையில் சூரியன் ஏழு மணிக்கு மேல் இறங்கினாலும் தார் உள்வாங்கிய சூடு உடனே தணிவதில்லை. ஆக, நாய்க்குக் கிடைப்பது காலை ஆறிலிருந்து எட்டு, பிறகு இரவு எட்டுக்கு மேல். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், நெரிசலுக்கு முன் வேலைக்குக் கிளம்புவதும் அதே காலை ஆறிலிருந்து எட்டுதான். வியர்த்துச் சூட்டைத் தணிக்க நாயால் முடியாது, மூச்சிரைத்துத்தான் தணிக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் கூடினால் அந்த மூச்சிரைப்பும் சரியாகப் பலிக்காது. இந்த நாலு இனங்களும் பிரிட்டன், ஜெர்மனியின் குளிருக்கென்று இரட்டை அடுக்கு முடியோடு உருவானவை.

வீடும் சட்டமும். எந்த வீடானாலும் மாநகர் மன்றத்தின் நாய் உரிமம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். வீட்டின் வகையைப் பொறுத்து எத்தனை நாய் என்ற வரம்பும் உண்டு. கொண்டோ என்றால் நிர்வாகத்தின் சம்மதமும் தேவை. 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்பு விதிமுறைப்படி, ஒரு பிராணி மற்றவர்களுக்குத் தொல்லை என்று நிர்வாகம் எழுத்தில் அறிவித்தால் மூன்று நாளுக்குள் அதை வெளியேற்ற வேண்டும். பன்னிரண்டு வருடம் உடன் வாழப்போகும் உயிரின் மேல் தொங்கும் மூன்று நாள் கெடு அது. பலர் நாய் வாங்கிய பிறகுதான் இதைப் படிக்கிறார்கள்.

அக்கம் பக்கம். நாயின் எச்சில் பட்டால் முஸ்லிம் அண்டை வீட்டார் மண் கலந்த நீர் ஒரு முறை உட்பட ஏழு முறை கழுவ வேண்டியிருக்கும். ஓடிவந்து நக்கும் சுபாவமுள்ள நாயைக் கேட்டுக்கு வெளியே கயிறில்லாமல் விடுவது அவர்களுக்கு உண்மையான சிரமம். வீட்டு வேலைக்கு வரும் பெண் முஸ்லிம் என்றால் நாய் வேலையை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. அது முழுக்க உங்கள் தலையில்தான் விழும். குரைப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும். தெரஸ் வீட்டில் ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன.

மருத்துவச் செலவு. வாங்கும் விலை இதில் சின்னப் பங்குதான். உண்ணி மாத்திரையும் மயக்க மருந்தும் எடையைப் பொறுத்து ஏறும். நெக்ஸ்கார்ட் மாத்திரையில் 10 முதல் 25 கிலோ வரை ஒரு அளவு, 25 முதல் 50 வரை அடுத்த அளவு. கொசு வழியே வரும் இதயப்புழுவுக்கான தடுப்பு மருந்தை நம் ஊரில் ஒரு மாதம்கூட விட முடியாது.

| | பார்டர் கோலி | அல்சேஷன் | கோர்கி | ஷெல்டி |
|---|---|---|---|---|
| எடை | 14–20 கிலோ | 22–40 கிலோ | 10–14 கிலோ | 6–12 கிலோ |
| ஆயுள் | 12–15 வருடம் | 9–13 வருடம் | 12–14 வருடம் | 12–14 வருடம் |
| பழைய வேலை | சிதறிய ஆடுகளை வளைத்துக் கூட்டிவருவது | மந்தையின் எல்லையைக் காப்பது | குதிகாலைக் கவ்வி மாட்டை ஓட்டுவது | குரைத்து ஆடுகளை விரட்டுவது |
| குரைப்பு | நடுத்தரம் | காரணம் இருந்தால் | அடிக்கடி | மிக அதிகம் |
| கொண்டோ | வேண்டாம் | வேண்டாம் | அனுமதி இருந்தால் | பழக்கினால் |

பழைய வேலையைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கிடை போடும் ஆட்டிடையர்களான கீதாரிகளின் நாய் நரிக்கும் திருடனுக்கும் காவல் நிற்கும், ஆட்டை ஓட்டாது. இந்த நாலும் அப்படியல்ல, மந்தையை ஓட்டவும் எல்லைக்குள் நிறுத்தவுமே பிறந்தவை. வீட்டில் இவை தரும் இன்பமும் தொல்லையும் பெரும்பாலும் அந்த வேலையிலிருந்து வருபவைதான்.

## பார்டர் கோலி

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லை மலைகளில் உருவான இனம். 1893இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாயின் வழித்தோன்றல்களே இன்றைய பார்டர் கோலிகள். குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டைத் திருப்பியது அந்த நாயின் பெருமை. அழகை விட்டுவிட்டு வேலையை மட்டும் பார்த்தே தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயரைத் தனித்தனியாக அறிந்திருந்தது.

இந்த நாயோடு வாழும் இன்பத்தைச் சொல்லி முடியாது. நீங்கள் நாற்காலியிலிருந்து எழப்போவது உங்களுக்கு முன்பே அதற்குத் தெரியும். தோளை லேசாகத் திருப்பினால் போதும், போகும் திசையைப் புரிந்துகொண்டு பாதி வழியில் நின்று திரும்பிப் பார்க்கும். எங்கள் வீட்டில் சாவியை எடுத்தால் அசையாது, ஆனால் தொப்பியை எடுத்தால் கேட்டுக்குப் போய் நிற்கும். யாரும் அதற்குக் கற்றுத்தந்ததில்லை. புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும்போது அந்தக் கண்கள் உங்களை விட்டு நகர்வதில்லை. அந்தக் கவனத்துக்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அதே கண்களுக்கு வேலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தெரஸ் வீட்டு கேட்டில் பார்க்கலாம். முன்கால்களை மடக்கி, தலையைத் தரையளவுக்குத் தாழ்த்தி, கேட்டின் அடி இடைவெளியையே வெறித்துக்கொண்டிருக்கும். வெளியே மோட்டார் சைக்கிள் போனால் அந்த இடைவெளியில் ஒரு நிழல் ஓடும். அதோடு சேர்ந்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாயும், மறுபடி படுத்து அடுத்த நிழலுக்குக் காத்திருக்கும். சில நாய்கள் மின்விசிறி நிழலையோ சுவரில் அசையும் கைப்பேசி வெளிச்சத்தையோ பிடித்துக்கொள்ளும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இது பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம். வேலைக்காகப் பிறந்த மூளை கிடைத்ததை எல்லாம் மந்தையாக்கிக்கொள்வதன் ஆரம்பம் அது. நாய்க்கு லேசர் விளக்கு காட்டி விளையாடும் வீடுகளுக்கு இந்த இனம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது வெயில். களைப்பு வந்தால் நிறுத்தத் தெரியாத நாய் இது. பந்து எறிந்துகொண்டே இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். கடுமையான ஓட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே தலை கிறங்கி, பின்னங்கால் இழுத்து, நிலைகுலைந்து சாயும் ஒரு கோளாறு இந்த இனத்தில் தனியாகவே அறியப்பட்டிருக்கிறது. சூடு கூடினால் அதற்கான வாய்ப்பும் கூடும். எனவே நிறுத்த வேண்டியது நீங்கள்தான். அப்படிச் சாய்ந்தால் நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஓட இடம் கிடைப்பதும் எளிதல்ல. கோலாலம்பூரில் பெரும்பாலான பொதுப் பூங்காக்களில் நாய்க்கு அனுமதி இல்லை. தேசா பார்க்சிட்டி போல நாயோடு உலாவ விடும் இடங்கள் சொற்பம். ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற முடியாது, அதனால் கார் கட்டாயம். ஓட்டத்தைக் குறைத்து மூளைக்கு வேலை தருவதுதான் நம் ஊருக்கு ஒத்த வழி. வீட்டுக்குள் பொருளை ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்கச் சொல்வது, ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர் வைத்து எடுத்துவரச் சொல்வது, புது வித்தை பழக்குவது. தினமும், ஏதோ ஒரு குளிர்ந்த அறையில். அந்தக் குளிர்சாதனத்தின் மின்கட்டணத்தையும் நாய்ச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்கள் இந்த இனத்தில் அதிகம். நமக்கோ தீபாவளி, சீனப் புத்தாண்டு என்று வரிசையாக வரும். பினாங்கில் இருப்பவர்களுக்குச் சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்திய இரவு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரவுகளில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். வலிப்பு நோயும் இந்த இனத்தில் உண்டு. நெக்ஸ்கார்ட், பிரேவெக்டோ வகை உண்ணி மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரித்தது. வம்சத்தில் வலிப்பு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யாருக்கு நல்லது: தரை வீட்டில் இருந்து, வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒருவராவது உள்ள குடும்பத்துக்கு. நாய்க்குக் கற்றுத்தருவதே அவருடைய பொழுதுபோக்காகவும் இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் காலை ஏழுக்குக் கிளம்பி இரவு ஏழுக்குத் திரும்பும் வீடென்றால் இந்த நாயின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

## அல்சேஷன்

நம்மவர்கள் வீட்டில் இதற்கு நெடுங்காலமாக ஓர் இடம் உண்டு. "வீட்டுக்கு ஒரு அல்சேஷன் இருந்தால் போதும்" என்று சொல்லும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1899இல் மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் இந்த இனத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கியபோது, ஜெர்மன் ஆட்டு மந்தைகள் வேலியில்லாத பயிர்களுக்கு நடுவே மேய்ந்தன. மந்தைக்கும் பயிருக்கும் இடையில் நாள் முழுக்க நடந்து, தானே வேலியாக நிற்பது நாயின் வேலை. இன்றும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவது அந்தப் பழக்கம்தான். சின்ன முற்றம் இருந்தால்கூட அதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டு திருப்தியோடு இருக்கும். பார்டர் கோலியைப் போல நொடிக்கொரு வேலை கேட்காது. இரவில் வீட்டில் பெண்களும் பெரியவர்களும் மட்டும் இருக்கும் குடும்பங்களுக்கு இது தரும் தைரியத்தை வேறு எந்த நாயும் தருவதில்லை என்பது என் கருத்து.

இதில் மறைந்திருக்கும் செலவு உடம்பு. இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தின் தீராத தலைவலி. தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் காட்டாத இடத்தில் வாங்காதீர்கள். முதுகு பின்னோக்கிச் சரிந்து நிற்கும் குட்டியை "ஷோ லைன்" (கண்காட்சி வம்சம்) என்று கூடுதல் விலை சொல்வார்கள். எனக்கு நேர்முதுகு நாய்தான் வேண்டும். நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரை வளரும் குட்டியின் மூட்டுக்கு எதிரி. நாய் நடக்கும் வழியெல்லாம் ரப்பர் விரிப்பு போட்டுவிடுங்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அவசர நிலையும் பெரிய நாய்களுக்கு வரும். வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல், வயிறு கல்லாக இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சல் மற்ற இனங்களைவிட அல்சேஷனை மோசமாகத் தாக்கும். மூக்கில் இரத்தம், வெளிறிய ஈறு, சாப்பிடாமல் படுத்தே கிடப்பது இவை அறிகுறிகள். வாய்க்கால் ஓரப் புல்லும் பக்கத்துக் காலி நிலமும் உண்ணிக்குச் சொர்க்கம். அதனால் மாத்திரை மாதம் தவறக்கூடாது. இந்த எடைக்கு அதுவும் மற்ற மூன்றைவிடப் பெரிய அளவு.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள். மலேசியக் கால்நடைச் சேவைத் துறையின் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களின் பட்டியலில் அல்சேஷனும் பெல்ஜியன் ஷெப்பர்டும் இருக்கின்றன.

யாருக்கு நல்லது: தரை வீடு, அனுபவமுள்ள ஒரு கை, காவல் வேண்டிய தேவை. குட்டியாக இருக்கும்போதே விருந்தாளிகளோடு பழக்கிவிட நேரம் உள்ளவர்களுக்கு. சங்கிலியில் கட்டிப்போட்டு "காவலுக்கு" வைப்பவர்களுக்கு இந்த நாயைக் கொடுக்கக் கூடாது. அப்படி வளர்ந்தது பயத்தில் கடிக்கும்.

## கோர்கி

எலிசபெத் ராணிக்கு 18ஆம் பிறந்தநாளில் கிடைத்த சூசன் என்ற கோர்கி தொட்டு உலகப்புகழ். ஆனால் மடியில் கொஞ்சுவதற்காக உருவான நாய் அல்ல, வேல்ஸ் நாட்டின் மாடோட்டி. உதை படாமல் இருக்க உயரம் குறைவு, மாட்டின் குதிகாலைக் கவ்வி நகர்த்தும். தீபாவளித் திறந்த இல்லத்தில் பிள்ளைகள் ஓடினால் பட்டுப்பாவாடை நுனியையும் குதிகாலையும் தேடிப்போவது அந்தச் சுபாவம்தான். திட்டினால் போகாது. ஓடுவதற்கு முன்பே கூப்பிட்டு வேறொன்றில் திருப்பப் பழக்க வேண்டும்.

உருவம் சிறிது, உள்ளுக்குள் பெரிய நாய்தான். சுறுசுறுப்பு, பிடிவாதம், சிரித்த முகம். காலை அரை மணி நடையும் வீட்டுக்குள் கொஞ்சம் விளையாட்டும் இருந்தால் மனநிறைவோடு படுத்துவிடும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இந்த நாலில் அதிகம் ஒத்துவருவது இதுதான் என்பேன்.

கவனிக்க வேண்டியது முதுகு. நீண்ட உடம்பு, குட்டைக் கால். டபுள் ஸ்டோரி வீட்டில் மாடிப்படி ஏறி இறங்குவதையும் சோபாவிலிருந்து குதிப்பதையும் நிறுத்த வேண்டும். முதுகுத்தண்டு வட்டு நழுவினால் அறுவை சிகிச்சைவரை போகும். எடையைக் கூட விடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ரொட்டிச் சானாய் துண்டும் முறுக்கும் நீட்டும் தாத்தா பாட்டியிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதே தனி வேலை. முடி உதிர்வைப் பற்றி யாரும் முன்னெச்சரிக்கை தருவதில்லை. வருடம் முழுக்க உதிரும், கறுப்பு உடுப்பில் ஒட்டும், சோற்றுத் தட்டிலும் பறக்கும்.

மொட்டையடித்தால் சூடு குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. நாலு இனங்களுக்கும் அது கூடாது. உள்முடியைச் சீவி எடுத்தாலே காற்று புகும். குளித்தபின் அடிமுடிவரை ஊதி உலர்த்தாவிட்டால் நம் ஈரப்பதத்தில் தோலில் புண் வந்துவிடும். வீட்டிலேயே ஒரு ஊதுகருவி வாங்கிவைப்பது நல்லது.

## ஷெல்டி

மென்மை, அன்பு, சொன்னதைக் கேட்கும் குணம். அளவிலும் கொண்டோவுக்குப் பொருந்தும். பெரியவர்கள் பகல் முழுக்க வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அருமையான துணை. ஒரே பெரிய குறை குரல். மின்தூக்கி மணி, பக்கத்து வீட்டுக் கதவு, உணவு கொண்டுவரும் பையன் என்று எல்லாவற்றுக்கும் குரைக்கும். மேலே சொன்ன மூன்று நாள் விதி இதை வைத்திருப்பவர்களைத்தான் முதலில் தேடிவரும். முதல் ஆறு மாதம் குரைப்பை அடக்கப் பழக்குவதற்கென்றே ஒதுக்குங்கள்.

உயிர் காக்கும் விஷயம் ஒன்று. கோலி வம்ச நாய்கள் பலவற்றில் ஒரு மரபணு மாற்றம் உண்டு. அது இருந்தால் ஐவர்மெக்டின் மருந்து அதிக அளவில் மூளைக்குள் புகுந்து நஞ்சாகிவிடும். ஷெல்டியில் இது கணிசம், பார்டர் கோலியில் குறைவு. உண்ணிக்கும் சொறிக்கும் மலிவான தீர்வு என்று மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை யாராவது சிபாரிசு செய்தால் சம்மதிக்காதீர்கள். மரபணுப் பரிசோதனை ஒரு முறை செய்தால் போதும்.

## இந்த நாலும் இல்லாமல்

கம்போங் நாயை மறந்துவிடக் கூடாது. அம்பாங்கில் உள்ள சிலாங்கூர் எஸ்பிசிஏ, ஜெலுத்தோங்கில் உள்ள பினாங்கு எஸ்பிசிஏ போன்ற காப்பகங்களில் இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நாய்கள் காத்திருக்கின்றன. குட்டை முடி, ஒல்லி உடம்பு, கூர்மையான மூளை. இன நாய்க்குக் கேட்கும் விலையைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் உண்ணி மருந்துக்கும் செலவிடலாம். மேய்ப்பு நாயின் அந்தக் குறிப்பிட்ட பார்வைதான் வேண்டும் என்றில்லாமல் ஒரு தோழன் வேண்டும் என்றால், முதலில் அங்கே ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள்.

## பணம் கொடுக்கும் முன்

குட்டி என்றால் தாயை நேரில் பார்க்க வேண்டும், அதன் சுபாவம்தான் பிள்ளைக்கு வரும். தாயைக் காட்ட மறுத்தாலோ, காரில் கொண்டுவந்து தருகிறேன் என்றாலோ வாங்காதீர்கள். கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதும் தமிழ்நாட்டுப் பயணத்தின்போதும் நாய் எங்கே இருக்கும் என்பதை இப்போதே தீர்த்துவையுங்கள். பண்டிகைக் காலத்தில் நாய் விடுதிகள் வெகுமுன்பே நிரம்பிவிடும்.

மேய்ப்பு இனம்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் முதல் யோசனை, குட்டியைத் தேடாமல் வளர்ந்த நாயைத் தேடுங்கள் என்பது. ஒரு வயது, இரண்டு வயதில் சமாளிக்க முடியாமல் கைமாறும் பார்டர் கோலிகளும் அல்சேஷன்களும் காப்பகங்களுக்கும் மீட்புக் குழுக்களுக்கும் வருகின்றன. அந்த வயதில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம், சுபாவம் தெரிந்துவிடும், குரைப்பின் அளவும் தெரிந்துவிடும். ஓரிரு வாரம் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். அந்த நாட்களில் காலை ஆறு மணிக்கு யார் எழுந்து கயிறைக் கையில் எடுக்கிறார்கள் என்று வீட்டில் எல்லோரும் கவனியுங்கள். நாயைத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டியவர் அவர்தான், இனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.